ஒரு சாண் வார்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக் காலம் கழிக்கும் ஒருவன், மோட்டார் காரின் கதவைப் பற்றி எழுத வந்ததேன் என்று நீங்கள் வியக்கலாம். கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன் நான். திருப்புளியைக் கையில் பிடித்த அனுபவம் நாற்பது வயது வரை எனக்கு இருந்ததில்லை. ஆயினும் ஒரு சாண் நீளமுள்ள பழைய தோல்வார் ஒன்று, நான் படித்த நூல்கள் பலவும் கற்பிக்காத ஒன்றை எனக்குக் கற்பித்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் இருப்பது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. இளைய தலைமுறையினர் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் அது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் அது நம் நாட்டுக் காராகவே உருவாயிற்று. அந்தத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கேலோட்டியின் வரைவில் 1962-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே எங்கள் வீட்டுக் கிழவியை ஒரு பந்தயக் குதிரையின் உடன்பிறப்பு என்று சொன்னாலும் தவறில்லை. முன்பக்கத்து மூடி முழுவதும், சக்கரங்களின் மேல்தகடுகளோடு சேர்த்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். குறுகிய தெருவிலும் சட்டென்று திரும்பும். இரண்டே கதவுகள். ஆனால் ஒவ்வொன்றும் நீளமானது, கனமானது.

அந்தக் கார் எங்களிடம் வந்த வரலாறும் சிறியதே. என் அத்தா செஞ்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக இருந்தார்கள். 1986-ல் முதலாளி புதிய கார் வாங்கியபோது, பழைய ஹெரால்டை அத்தாவுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார். கடன் தீர்ந்த அன்று அத்தா காரைக் கழுவித் துடைத்து, எங்கள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு கோட்டையைச் சுற்றி வந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் அக்காவை வந்தவாசி வட்டத்துச் சீயமங்கலத்தில் கட்டிக் கொடுத்த பிறகு, செஞ்சிக்கும் சீயமங்கலத்துக்கும் இடையே அந்தக் கார் போய் வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

நிற்க. கதவுக்கு வருவோம்.

காரின் கதவு திறக்கும்போது ஓர் இடத்துக்கு மேல் போகாமல் நின்றுவிடுகிறதல்லவா? அது தானாக நிற்பதில்லை. கதவின் கீல் இருக்கும் பக்கத்தில், கார்த் தூணையும் கதவையும் இணைத்து ஒரு தடுப்பு இருக்கும். சில கார்களில் அது இரும்புப் பட்டை. இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் அது வெறும் தோல்வார் அல்லது துணிவார். கதவு மூடியிருக்கும்போது அந்த வார் கதவின் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கும். திறக்கத் திறக்க வெளியே வந்து, விறைத்து நின்று, "இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை" என்று கதவைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் காரில் ஆதியில் இருந்த தடுப்பு தேய்ந்து போனதால், இருபது ஆண்டுகளுக்கு முன் அத்தா ஒரு தோல்வாரைத் தைத்துப் போட்டிருந்தார்கள்.

2024 பங்குனியில் ஒருநாள் அத்தா என்னிடம், "தம்பி, இடது பக்கக் கதவு கொஞ்சம் கூடுதலாத் திறக்குது. வாரைப் பாரு" என்றார்கள். "பார்க்கிறேன் அத்தா" என்றேன். சித்திரையில் மறுபடி சொன்னார்கள். கதவைத் திறக்கும்போது அதன் முன்விளிம்பு தகட்டில் உரசிச் சாயம் பெயர்ந்திருப்பதையும் காட்டினார்கள். "விடுமுறையில் செய்துவிடுவோம்" என்றேன். விடுமுறை வந்தது, போயிற்று. ஆடி பிறந்ததும் மூன்றாம் முறையாகச் சொன்னார்கள். அப்போது நான் மாணவர்களின் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "ஒரு வார்தானே அத்தா, ஓடியா போகும்?" என்றேன். அத்தா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தின் பொருள் ஒரு வாரம் கழித்து எனக்குப் புரிந்தது.

சீயமங்கலத்தில் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. மலையடிவாரம், மரங்கள் குறைந்த திறந்த வெளி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கார் கிழக்கு நோக்கி நின்றது. அத்தாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. எப்போதும் போல் கதவைத் திறந்து, இடக்கையால் அதன் மேல்விளிம்பைப் பற்றி, அதில் பாரம் கொடுத்து எழுந்தார்கள். பின்னாலிருந்து காற்று கதவைத் தள்ளியது. 'டப்' என்று ஒரு சிறு சத்தம். வார் அறுந்தது, கதவு முன்னோக்கிப் பறந்து தகட்டில் மோதியது. பற்றியிருந்த பிடி கையோடு போக, அத்தா பக்கவாட்டில் கல் தரையில் விழுந்தார்கள். நான் மறுபக்கத்திலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். எண்பதை நெருங்கும் வயதில் இடுப்பெலும்பு முறிவது எத்துணை அபாயம் என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அந்த நாட்களை விவரிக்க எனக்கு மனமில்லை.

மருத்துவமனையில் நான்காம் நாள், அத்தா என்னை அருகில் அழைத்தார்கள். கடிந்துகொள்ளப் போகிறார்கள் என்று எண்ணித் தலைகுனிந்து நின்றேன். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, வார் அறுந்துச்சா, ஆணி கழண்டுச்சா?"

"வார்தான் அத்தா."

"அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு வா. பார்க்கணும்."

மறுநாள் கொண்டு சென்றேன். மூக்குக் கண்ணாடியை அணிந்து, அறுந்த முனையைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் நீட்டி, "என்ன தெரியுது, சொல்லு" என்றார்கள். பார்த்தேன். அறுந்த இடம் முழுவதும் ஒரே நிறமாக இல்லை. ஆணித் துளையை ஒட்டிய பெரும்பகுதி எண்ணெயும் தூசியும் படிந்து கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு சிறு கீற்று மட்டும் வெளிறிய புதுத் தோலின் நிறத்தில் இருந்தது.

"கறுப்பா இருக்கிறது பழைய அறுப்பு. வெளுப்பா இருக்கிறதுதான் அன்னைக்கு அறுந்தது. முக்கால் பங்கு எப்பவோ அறுந்து போச்சு. மிச்சம் கால் பங்குலதான் இத்தனை நாளும் கதவு நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றார்கள்.

வாசகர்களே, ஆயுள் முழுவதும் கணக்கு எழுதியவரின் கண் அது. பேரேட்டில் கசிவு எங்கே தொடங்கியது என்று பார்ப்பது போல் அந்தத் தோலைப் பார்த்தார்கள். விபத்து ஆடியில் நடந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இல்லை, பங்குனியிலேயே நடந்துகொண்டிருந்தது. ஆடியில் முடிவுற்றது, அவ்வளவே.

அன்று மாலை அக்கா கொதித்துப் பேசினாள். "தம்பி, முதல்ல அந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டுடு. அத்தாவை விழத்தட்டினது அதுதானே? புதுசா ஒரு வண்டி வாங்க வக்கில்லாமலா போயிட்டோம்?" மைத்துனரும் அதையே சொன்னார். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குள் ஓர் ஆறுதல் பரவியதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பழியைச் சுமக்க ஒரு பழைய கார் கிடைத்துவிட்டது. அதை விற்றுவிட்டால் பழியும் அதனோடு போய்விடும். "சரி அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அத்தா படுத்திருந்தபடியே, "வண்டி என்னம்மா செய்யும்? அது நாலு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார்கள். தாம் மூன்று முறை என்னிடம் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என்னைக் காப்பதற்காகவே அப்படிச் சுவரைப் பார்த்துப் பேசினார்கள் என்று உணர்ந்தபோது, அதற்கு மேல் வாய் மூடி நிற்க என்னால் இயலவில்லை. "அக்கா, அத்தா என்னிடம் மூன்று தடவை சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை" என்றேன்.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி என் கையில் கொடுத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் என்னுடன் அதிகம் பேசவில்லை. ஆனால் காரை விற்பது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

அத்தா நடைச் சட்டத்தைப் பிடித்து நடக்கத் தொடங்கியது ஐப்பசியில். கைத்தடிக்கு மாறியது தை மாதத்தில். அதன் பிறகு ஒருநாள், "இப்போ வாரைப் போடலாம். நான் சொல்றேன், நீ செய்" என்றார்கள். நாற்காலியைக் கொண்டுவந்து காரின் அருகில் போட்டேன். பழைய டிரையம்ப் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிப் பாகங்கள் செய்து விற்கிறார்களே, வரவழைக்கலாமா என்று கேட்டேன். அத்தா சிரித்தார்கள். "பரண் மேல ஒரு கோணிக்குள்ள மில் பெல்ட்டு இருக்கும், எடுத்துக்கிட்டு வா" என்றார்கள்.

பழைய அரிசி ஆலைகளில் ஒரே பெரிய மோட்டாரின் சுழற்சியை, நீண்ட தட்டைப் பெல்ட்டுகள் வழியாகப் பல எந்திரங்களுக்குக் கொண்டு செல்வார்கள். கனத்த பருத்தித் துணியைப் பல மடிப்பாக வைத்து, இடையிடையே ரப்பர் ஏற்றிச் செய்த பெல்ட்டு அது. ஓய்வு பெற்ற அன்று ஆலையிலிருந்து அத்தா கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அந்த ஒரு முழத் துண்டு.

"தோல் நல்லதுதான். ஆனா இழுத்தா நீளும், காய்ஞ்சா வெடிக்கும். இதுக்குள்ள துணி இருக்கு; துணி நீள விடாது" என்றார்கள். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கீலிலிருந்து வார் இருக்கும் தூரம் சுமார் 3 அங்குலம். கையால் கதவைத் தள்ளும் இடமோ கீலிலிருந்து சுமார் 36 அங்குலம். அதாவது 12 மடங்கு. கதவின் ஓரத்தில் 5 கிலோ விசையில் தள்ளினால், வாரின் மேல் விழும் இழுவை 60 கிலோ! ஆடிக் காற்றும் ஒரு மனிதரின் பாரமும் சேர்ந்தால் என்னாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதலில் கீலைச் சோதிக்கச் சொன்னார்கள். கதவைப் பாதி திறந்து, அடியில் கை கொடுத்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தால் கீலின் ஆணி தேய்ந்திருக்கிறது என்று பொருள்; அதைச் சரி செய்யாமல் வாரை மாற்றுவது வீண் வேலை. நல்லவேளையாக ஆட்டமில்லை, எண்ணெய் விட்டதோடு சரி. பின்பு கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதன் அடியிலுள்ள வட்டத்தை உள்ளே அழுத்தினால் ஒரு சிறு முளை தெரியும். அதைத் தட்டினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். உள்பக்கத்து அட்டையை நீக்கியதும் கதவின் வயிறு திறந்தது. பழைய ஆணி, துருப்பிடித்த தகட்டுச் சில்லு, அடியில் மண்ணடைத்த நீர்த்துளைகள். எல்லாவற்றையும் துப்புரவு செய்தேன். நீர்த்துளை அடைபட்டால் மழைநீர் தங்கிக் கதவு அடியிலிருந்து அரித்துப் போகும்.

அடுத்து அளவு. கதவைத் திறந்து, அதன் முன்விளிம்புக்கும் முன்தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்குமாறு நிறுத்தி, வார் செல்லும் வழியே ஒரு சணல் நூலைச் செலுத்தி அளந்தோம். அந்த அளவுக்குப் பெல்ட்டை ஒன்றேகால் அங்குல அகலத்தில் கீறினேன். மிகவும் விறைப்பாக இருந்ததால், நான்கு மடிப்பில் ஒன்றை உரித்து எடுக்கச் சொன்னார்கள். மடிந்து உள்ளே போகும்போது கண்ணாடியில் இடிக்கக் கூடாதல்லவா? துளையைக் கத்தியால் குடையாமல், தோல் தைப்பவரிடம் கொடுத்து வட்ட உளியால் ஒரே அடியில் எடுத்துக்கொண்டோம். ஓரத்திலிருந்தும் முனையிலிருந்தும் துளைக்குப் போதிய தூரம் விட்டோம். கீறிய துளையில் தொடங்கும் சிறு வெடிப்புத்தான் நாளடைவில் அறுப்பாகிறது. எங்கள் பழைய வாரிலும் நிகழ்ந்தது அதுவே. ஆணி ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்காதிருக்க, வாரின் இரு பக்கமும் சிறு இரும்புத் தகடுகளை வைத்து இறுக்கினோம். கதவு அதிரும் ஒவ்வொரு முறையும் மரை தளராதிருக்க, நைலான் வளையம் உள்ள மரையைப் போட்டோம். வார் விறைக்கும் முனையில் ஒரு ரப்பர் வில்லை; கதவு திடுக்கென்று அடிபட்டு நிற்காமல் மெல்ல நிற்பதற்கு.

பொருத்தும் முன் ஒரு சோதனை. அத்தாவின் யோசனைதான். கொல்லை வேப்பமரத்துக் கிளையில் வாரைக் கட்டி, அதில் 75 கிலோ நெல் மூட்டை ஒன்றை இரவு முழுவதும் தொங்கவிட்டோம். பக்கத்திலேயே புதுத் தோல்வார் ஒன்றிலும் அதே போல் ஒரு மூட்டை. காலையில் அளந்தபோது தோல்வார் ஏறத்தாழ இரண்டு நூல் நீண்டிருந்தது; மூட்டையை இறக்கிய பின்னும் முழுவதும் சுருங்கவில்லை. பெல்ட்டு வாரில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. பேரனை அழைத்து அத்தா அதைக் காட்டி மகிழ்ந்த மகிழ்ச்சியை நான் என்னென்பேன்!

இடக் கதவு முடிந்ததும், "வலது பக்கம்?" என்றார்கள். அது நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லை விழுங்கிக்கொண்டு அதையும் பிரித்தேன். துளையோரத்தில் கறுத்த வெடிப்பு ஒன்று பாதி வரை ஓடியிருந்தது. ஒரே நாளில் தைத்த இரண்டு வார்கள்; ஒன்று போனால் மற்றதும் போகும் தறுவாயில்தானே இருக்கும்!

எங்கள் ஊர்க் கோட்டையை நீங்கள் கண்டிருக்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றபோது ஊரே மகிழ்ந்தது. ராஜகிரியின் உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை ஆழமாகப் பிளந்து கிடக்கும். அதன் மேல் ஒரு சிறிய பாலம். பாலத்தை நீக்கிவிட்டால் அந்த வழியே எவரும் மேலே ஏற முடியாது. சுற்றிலும் எத்தனையோ மதில்கள், அகழி, பெருவாயில்கள். அத்தனைக்கும் மேலாக உச்சியின் காவல் அந்தச் சின்னஞ்சிறு பாலத்தைச் சார்ந்திருந்தது. வரலாறு படித்த நான் அதை மாணவர்களுக்குப் பல முறை விளக்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்ற காரில் அதைக் காணத் தவறினேன்.

இப்போதெல்லாம் வகுப்பில் வழக்கமாக வரும் ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தாமதித்தால், ஓதும் குரல் சற்றே தணிந்தால், அன்றே அழைத்து விசாரிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. எப்போதாவது இருக்கிறது. முன்பெல்லாம், "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பேன்.

அத்தாவுக்கு இப்போது எண்பது வயது. காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவில் பாரம் கொடுப்பதில்லை. இருக்கையின் ஓரத்தையும் என் தோளையும் பற்றிக்கொள்கிறார்கள். முதியோர் உள்ள வீட்டார் அனைவரும் இதைக் கவனிக்க வேண்டும்: வார் எவ்வளவு உறுதியானதாயினும், கதவு அசையும் பொருள், அதில் பாரம் கொடுத்து எழக் கூடாது. காற்றுக் காலத்தில் வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். உங்கள் காரின் கதவு வழக்கத்தை விடக் கூடுதலாகத் திறக்கிறதா, திறக்கும்போது புதிதாகச் சத்தம் கேட்கிறதா, முன்விளிம்பில் சாயம் உரசியிருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள்.

அறுந்த அந்தத் தோல்வாரை அத்தா எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. தேர்வுத் தாள்களை வைக்கும் என் மேசை இழுப்பறையில் அது கிடக்கிறது. முக்கால் பங்கு கறுப்பு. கால் பங்கு வெளுப்பு. வீட்டில் எவரேனும் என்னிடம் எதையேனும் சொல்லும்போது, இப்போது நான் தலை நிமிர்ந்து கேட்கிறேன்.